துண்டு கட்டின இடம்

“மணலூர்பேட்ட மயில! ஏறு முன்ன! கொம்பு ஒடஞ்சது, நீ இரு. ஒனக்கு இன்னும் மூணு வண்டி இருக்குது!”

காலை ஆறு மணிக்குக் கரும்பு யார்டிலிருந்து இந்தக் குரல் கிளம்பும். மூங்கில்துறைப்பட்டு ஆலையின் சங்கு ஊத மறந்தாலும், வண்டி வரிசை பார்க்கும் ஆசீர்வாதம் ஊத மறப்பதில்லை. கையில் டோக்கன் புத்தகம் இருக்கிறது. அதை அவர் பிரித்து நான் பார்த்ததில்லை. எந்த வண்டி எப்போது வந்தது, யாருக்குப் பின்னால் யார் என்பதெல்லாம் மாட்டை வைத்துத்தான் அவருக்கு நினைவு. வண்டிக்காரரின் பெயரைக் கேட்டால் யோசிப்பார். மாட்டின் நிறத்தைக் கேட்டால் உடனே சொல்வார். டிராக்டர்கள் வந்த பிறகு கொஞ்ச நாள் திண்டாடினார். இப்போது அவற்றையும் “மட்கார்டு நசுங்கனது”, “பொகை ஜாஸ்தி வர்றது” என்று அழைத்துச் சமாளித்துக்கொள்கிறார்.

வயது ஐம்பத்தேழு. ஒல்லி உடம்பு, காக்கிச் சட்டை, வேட்டி, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு, தோளில் நீலக்கரைத் துண்டு. நான் கரும்பு அலுவலகத்தில் எழுத்தர். ஆலைக் குவார்ட்டர்ஸில் அவருக்கு அடுத்த வீடு. வந்த புதிதில் இந்த மனிதரால் எனக்குத் தூக்கமே போயிற்று. வீட்டிலும் அதே யார்டுக் குரல்தான். “தெரசா, காப்பி!” என்று அவர் கூப்பிட்டால் நான்காவது வீட்டிலும் அடுப்பு பற்றவைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் நற்கருணை வாங்க நிற்கும்போதுகூட, “நீ பின்ன வந்தவன்தான?” என்று ஒருவரைத் தோளைத் தொட்டு நிறுத்தியிருக்கிறார். பங்குச் சாமியார் தனியாகக் கூப்பிட்டுச் சொன்ன பிறகு, இப்போது கண்ணால் மட்டும் நிறுத்துகிறார்.

யார்டில் ஒரு வழக்கம் உண்டு. அரவை மும்முரமாக இருக்கும் தை, மாசியில் வண்டிகள் ஒன்றரை நாள், இரண்டு நாள் வரிசையில் நிற்கும். அதுவரை மாடு காய முடியாது. வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்ட ஓட்டிப்போவார். போகுமுன் தன் துண்டை நுகத்தடியில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டிவிடுவார். துண்டு கட்டின வண்டியை யாரும் தாண்டக் கூடாது. வரிசை நகர்ந்தால் பின்னால் இருப்பவர்களே கைகொடுத்து அதையும் தள்ளிவிட வேண்டும். இதை எங்கும் எழுதி ஒட்டவில்லை; காவல் ஆசீர்வாதம்தான். ஒருமுறை ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரின் டிராக்டரை, ஒரு கிழிந்த துண்டுக்காக முக்கால் மணி நேரம் நிறுத்திவைத்தார். “துண்டு இருந்தா ஆளு இருக்கறான்னு அர்த்தங்க. ஆளத் தாண்டிப் போவீங்களா?” என்று கேட்டாராம். அவருடைய நீலக்கரைத் துண்டு மட்டும் எங்கும் கட்டப்பட்டதில்லை. அவர் எங்கும் போகிறவரில்லையே!

இந்த மனிதரைத்தான் மெட்ராசுக்கு வாருங்கள் என்கிறார்கள்.

வரும் மே மாதத்தோடு அவருக்கு ஓய்வு. குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் சொந்த ஊரில் அரை ஏக்கரும், கூரை போடாத நான்கு சுவரும் உண்டு. அவர் நினைப்பெல்லாம் அந்தக் கூரையில் இருந்தது. மகள் லிடியா மெட்ராசில் நர்ஸ். சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு தெருவில், வரிசையாக ஓடு போட்ட போர்ஷன்களில் ஒன்றில் கணவன் ஆல்பினோடு குடியிருக்கிறாள். அவர்கள் வீட்டுக்கு அடுத்த போர்ஷன் காலியாகப் போகிறது. பிப்ரவரி பதினைந்துக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று ஆல்பின் எழுதியிருந்தார்.

தெரசா அம்மாளுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை; போயாக வேண்டும். காரணம் எண்பத்தேழாம் வருஷத்துப் புரட்டாசி. இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த அந்த ஏழு நாளில்தான் லிடியாவுக்குத் தலைப்பிரசவம். விடுப்புக் கிடைக்காமல் மெட்ராசிலேயே பிரசவம் என்று முடிவாகி, அம்மா புறப்பட இருந்த அன்று பஸ் நின்றுவிட்டது. திருக்கோயிலூர் போனால் ரயிலாவது கிடைக்காதா என்று, மனைவியைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஆசீர்வாதம் மணலூர்பேட்டை வரை மிதித்தார். அங்கே ரோட்டின் குறுக்கே புளியமரம் கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அவர் யார்டு வண்டிக்காரர்கள். ஒருவர் இறங்கி வந்து, “அம்மாவ இட்டுக்கினு எங்கங்க போறீங்க? அந்தப் பக்கம் இன்னும் ஜாஸ்தி. திரும்பிடுங்க” என்று குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பினாராம். எட்டாம் நாள் முதல் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது, குழந்தையைப் புதைத்து இரண்டு நாளாகியிருந்தது.

மறித்தவர்கள்மேல் தெரசா அம்மாளுக்குக் கோபமில்லை. “அவுங்க புள்ளைங்க படிப்புக்கு அவுங்க ஒக்காந்தாங்க. நான் எம் பொண்ணுகிட்ட இல்ல. அவ்ளோதான்” என்பார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் வருவதில்லை. இப்போது லிடியா மறுபடி உண்டாகியிருக்கிறாள். பங்குனியில் நாள். குழந்தை பிறந்ததும் அவள் நைட் டூட்டிக்குப் போகும்போது யார் பார்த்துக்கொள்வது? அடுத்த போர்ஷனில் அம்மா இருந்தால் போதும். அப்பாவைப் பற்றி யாரும் அவ்வளவாக யோசித்ததாகத் தெரியவில்லை.

பொங்கலுக்கு மூன்று நாள் லீவு போட்டு அவர் இடம் பார்க்கப் போனார். தெருவின் ஒரு பக்கம் ஓட்டு வீடுகள்; எதிர்ப்பக்கம் அதே மாதிரி வீடுகளை இடித்துவிட்டு நான்கு மாடிக்குச் சாரம் கட்டியிருந்தார்கள். முனையில் இருந்த டீக்கடை, கண்ணாடிக் கதவு போட்ட பேக்கரி ஆகிவிட்டிருந்தது. “இன்னும் ரெண்டு வருஷம் போனா இந்தத் தெருவுல நாம நொழையவே முடியாது மாமா. இப்பவே புடிச்சிக்கினாத்தான் உண்டு” என்று ஆல்பின் சொன்னார். பேக்கரியில் ஒரு பன்னின் விலையைக் கேட்டுவிட்டு மாமனாரும் அதை நம்பினார்.

மறுநாள் காலை தண்ணீர் லாரி வரும் நேரம். தெருவோரம் குடங்கள் வரிசையாக நின்றன. ஆசீர்வாதத்துக்குக் கையும் வாயும் பரபரக்காமல் இருக்குமா? தள்ளுமுள்ளு தொடங்கியதும் உள்ளே புகுந்துவிட்டார். “பச்ச பிளாஸ்டிக்கு, முன்ன வா! சொட்ட அலுமினியம், நீ இரு!” முதலில் சிரித்தார்கள். பிறகு, பரவாயில்லையே, ஒழுங்காக நடக்கிறதே என்று அடங்கினார்கள். ஏழாவதாக ஒரு பழைய பித்தளைக் குடம் நின்றது. கழுத்தில் கிழிந்த சேலைத் துணி சுற்றியிருந்தது. ஆளைக் காணோம். பின்னால் நின்றவர் அதை ஒதுக்கப் போனார். ஆசீர்வாதம் கையை நீட்டி மறித்தார்.

“துணி கட்டியிருக்குது பாரு. ஆளு வரட்டும்.”

“யோவ், இன்னாய்யா நீ? தள்ளுய்யா!”

“ஆளு வர்ற வரைக்கும் ஒருத்தரும் தாண்டக் கூடாது!”

தெருவே கத்தியது. இவர் குரல் அதற்கு மேல் கத்தியது. ஒருவர் சட்டையைப் பிடித்தும் இவர் அசையவில்லை. லாரிக்காரர் இரண்டு தரம் ஹாரன் அடித்துப் பார்த்தார். மூன்றாவது தரம் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். பாதித் தெருவுக்கு அன்று தண்ணீர் இல்லை. அப்புறம்தான் ஒரு பெண் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள்: “அது லட்சுமியம்மா கொடம்யா! அந்தம்மா முந்தாநேத்தே கொடத்த இங்கயே வுட்டுட்டு வூட்ட காலி பண்ணிக்கினு பூட்டாங்க!”

பூவிற்ற லட்சுமியம்மாள் இருபத்திரண்டு வருஷம் அந்தத் தெருவில் இருந்தவர். எதிர்ப்பக்கம் மாடி எழும்ப எழும்ப வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினார். அந்த அம்மாளால் முடியவில்லை. ஆல்பின் பார்த்துவைத்த காலிப் போர்ஷன் அவருடையதுதான். லிடியா தலை குனிந்துகொண்டு இதைச் சொன்னாளாம். ஆசீர்வாதம் அன்று சாப்பிடவில்லை.

அடுத்து அவர் செய்தது, யார்டில் முப்பது வருஷம் நின்ற ஆள் மட்டுமே செய்யக்கூடியது. விலாசம் விசாரித்துக்கொண்டு, பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்தபடி இரண்டு டவுன் பஸ் மாறி, ஏரிக்கரைக்கு அப்பால் ஓலைக் குடிசை ஒன்றில் லட்சுமியம்மாளைக் கண்டுபிடித்தார். “அம்மா, ஒங்க எடத்துக்கு நாங்க வரலாங்களா?” என்று கேட்டார்.

அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “நீ இன்னாத்துக்கு நைனா என்ன கேக்கற? வூட்டுக்காரனே என்ன கேக்கல.” இரண்டு முழம் பூ கட்டினார். பிறகு, “நீ வரலன்னா எவனாவது காசுக்காரன் வருவான். அவன் தண்ணிக்குக்கூட வெளிய வந்து நிக்க மாட்டான், மாடில டேங்கு கட்டிக்குவான். நீயே இருந்துக்கோ போ” என்றார். குடத்தை நீட்டினால் வாங்கவில்லை. “இங்க லாரி ஏது? ஏரித் தண்ணிதான். அது அந்தத் தெருவுலயே நிக்கட்டும். நிப்பாட்டறியா?” என்று கேட்டார். நிப்பாட்டுகிறேன் என்று இவரால் சொல்லவும் முடியவில்லை. மாட்டேன் என்று வைத்துவிட்டு வரவும் முடியவில்லை. குடத்தோடு அப்படியே ஊர் வந்து சேர்ந்தார்.

அதற்குப் பிறகு யார்டில் அவர் குரல் இறங்கிவிட்டது. வண்டிக்காரர்களுக்குப் பழகவில்லை, “இன்னாங்க, ஒடம்புக்கு முடியலயா?” என்று விசாரித்தார்கள். ஒரு நாள் டீ குடிக்கும்போது நான் கேட்டேன்: “அந்த அம்மாவே இருந்துக்கோன்னு சொல்லிட்டாங்களே, இன்னும் என்ன?” கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டார். “துண்ட அவுங்களா அவுக்கல சார். எவனோ அவுத்துட்டான். அந்த எடத்துல வண்டிய வுட்டுக்கினு நான் எப்பிடி ஒக்கார்றது?” வீட்டில் பித்தளைக் குடத்தைத் தெரசா அம்மாள் கழுத்துத் துணியை அவிழ்க்காமலே புளி போட்டுத் துலக்கி ஜன்னலில் வைத்திருந்தார். வருகிறபோதும் போகிறபோதும் அவர் அதைப் பார்க்காமல் தாண்டப் பழகிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி பதினான்காம் தேதி தெரசா அம்மாள் காத்திருந்து அலுத்துப்போய், “நீங்க வரிசயப் பாத்துக்கினு இருங்க. நான் இன்னொரு தடவ லேட்டா போவ மாட்டேன்” என்று பெட்டியைக் கட்டிவிட்டார். ஆலை வாசலில் மெட்ராஸ் பஸ் நின்றது. வழியனுப்ப நானும் போயிருந்தேன். ஆசீர்வாதம் பெட்டியை ஏற்றிவிட்டு, பித்தளைக் குடத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கீழே நின்றார்.

“நாளிக்கித்தான் கடைசி நாளு. மாப்ளகிட்ட நான் இன்னாங்க சொல்றது? ஒரு வார்த்த சொல்லுங்க” என்றார் தெரசா அம்மாள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

கண்டக்டர் விசில் கொடுத்தார். இரண்டு ஊர் கேட்கக் கூப்பிடும் மனிதர் தோளிலிருந்து அந்த நீலக்கரைத் துண்டை எடுத்தார். குடத்தின் கழுத்தில் லட்சுமியம்மாள் சுற்றிய சேலைத் துணி அப்படியே இருந்தது. அதை அவிழ்க்காமல் அதற்கு மேலேயே துண்டைச் சுற்றி, நுகத்தடியில் கட்டுவதுபோல இரண்டு முடிச்சு இறுக்கிப் போட்டு, படியில் ஏறிக் குடத்தை மனைவியின் மடியில் வைத்தார்.