சோக்கு மாற்றிய கோடை

எண்பதுகளின் தொடக்கத்தில் பள்ளிபாளையத்தில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் தறி ஓட்டிக்கொண்டிருந்தேன். லாரியில் கிளீனராகப் போன என் கணவர் கால் ஒடிந்து வீட்டோடு கிடந்த காலம் அது. மகள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். என் கூலியில்தான் மூன்று பேரும் சாப்பிட்டோம்.

கூடத்தை நடத்தியது முதலாளியின் மனைவி. முதலாளிக்குச் சொந்த லாரி இருந்தது. வடக்கே லோடு ஏற்றிப் போனால் எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாது. நூல் வாங்குவது, துணி அனுப்புவது, சண்டை தீர்ப்பது எல்லாம் அந்த அக்காதான். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கோபம் வந்தால் தறிச் சத்தத்தையும் மீறி அவர் குரல் கேட்கும்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்க இறங்க, இங்கே மின்சாரம் சுருங்கியது. முன்பு எரித்ததில் இவ்வளவுதான் இனி எரிக்கலாம் என்று ஒவ்வொரு கூடத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. மீறினால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். பக்கத்துக் கூடங்களில் தறிகள் நின்றன. எங்கள் கூடத்திலும் இரண்டு தறியாவது நிற்க வேண்டும் என்று ஆனது. கடைசியாகச் சேர்ந்தவள் நான். எனக்குச் சற்று முன்னால் சேர்ந்தவள் பக்கத்துத் தறிக்காரி. கணவனை இழந்தவள், இரண்டு பிள்ளைகள். நிற்பது எங்கள் தறிகள்தான் என்று யாரும் சொல்லாமலே எங்களுக்குத் தெரிந்தது.

அக்கா எங்கள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“சித்தெ பொறுங்க சாமி. தறியத் தவிர வேற எதையாச்சும் நிறுத்த முடியுமான்னு பாக்கறேன்.”

வேறு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். மத்தியானம் சாப்பாட்டுக்குத் தறிகளை நிறுத்தியதும் அக்கா மீட்டரின் முன்னால் போய் நின்றார். என்னையும் கூப்பிட்டார். ஒரு தறிகூட ஓடவில்லை. ஆனாலும் மீட்டருக்குள் மின்சாரத்தை அளக்கும் வட்டத் தகடு சுற்றிக்கொண்டே இருந்தது.

அண்ணாந்து பார்த்தோம். கூடம் முழுக்க டியூப் லைட்டுகள். ஓடு வேய்ந்த இருட்டுக் கூடம் என்பதால் காலையில் போட்டால் இரவு வேலை முடியும்வரை எரியும். அக்கா ஒரு முக்காலியில் ஏறி, விளக்குப் பட்டியில் இருந்த சோக்கைத் தொட்டார். தொட்ட வேகத்தில் கையை உதறினார்.

“அடேயப்பா! ஏம்புள்ள, இது வெளிச்சம் குடுக்கறதுக்கு மாட்டுனதா, தோசை சுடறதுக்கா?”

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அந்த வாரத்தில் நான் சிரித்தது அப்போதுதான். சோக்கு என்பது உள்ளே கம்பி சுற்றிய சின்ன இரும்புப் பெட்டி. அது இல்லாமல் டியூப் லைட் பற்றாது. அது அப்படிக் கொதிக்கிறது என்றால் வெளிச்சமாக வேண்டிய மின்சாரம் வீணாகச் சூடாகிறது என்பது எங்களுக்கே விளங்கியது.

அந்தச் சோக்குகளை விற்றவர் சேலத்தில் மின்சாமான் கடை வைத்திருந்த ஒரு பாய். அக்கா ஆள் அனுப்பினார். திட்டுவதற்குத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். பாயும் அப்படித்தான் நினைத்திருப்பார். ஆனாலும் பஸ் ஏறி வந்தார். ஒவ்வொரு விளக்காகப் பார்த்தார்.

“நான் கொடுத்த சரக்குதாம்மா. விலை குறைச்சலா கேட்டீங்க, மட்டமான கம்பி சுத்துனதைக் கொடுத்துட்டேன். தப்புதான். இப்ப தர முத்திரை போட்ட சோக்குதான் மாட்டணும்னு கரண்ட் ஆபீஸ்லயே சொல்றாங்க. அது இப்படிச் சுடாது.”

“இந்த நெலமையில அத்தனையும் மாத்தறதுக்கு நான் எங்கீங்க போவேன்?”

“பழசை நான் எடுத்துக்கறேன். மொதல்ல உங்க தறி ஓடட்டும். மத்ததை அப்புறம் பேசிக்கலாம்.”

பற்றாமல் இரண்டு முனையிலும் சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்த டியூப்களை அவரே கழற்றினார். எரியாவிட்டாலும் அவை மின்சாரம் குடித்துக்கொண்டுதான் இருக்கும் என்றார். அடுத்த வாரம் ஒரு வயர்மேனோடு வந்து எல்லாச் சோக்குகளையும் மாற்றிக் கொடுத்தார். கூரையில் அங்கங்கே ஓட்டைப் பிரித்துக் கண்ணாடி ஓடு பதிக்க வைத்தது அக்காவின் யோசனை. அதன் பிறகு பகலில் விளக்கே போடவில்லை. வெயில் நேராக எங்கள் தலையில் இறங்கியது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நெய்தோம். யாரும் முணுமுணுக்கவில்லை.

இத்தனை செய்தும், நிற்க வேண்டிய இரண்டு தறிகளில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் மிச்சமானது.

அந்த ஒரு தறி நியாயப்படி பக்கத்துத் தறிக்காரிக்குப் போக வேண்டும். அக்கா அதைச் சொல்லட்டும் என்று காத்திராமல், நான் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவள் வாசலில் என் கையைப் பிடித்தாள்.

“எங்க போறே? காலைல நான் ஓட்டறேன். மத்தியானத்துக்கு மேல நீ வந்து புடிச்சுக்கோ.”

“உனக்கு ரண்டு புள்ளைங்க இருக்குதுல்ல?”

“இந்தக் கண்ணாடி ஓட்டு வெயிலுக்கு மத்தியானமானா எனக்குத் தலை சுத்துது புள்ள. முழுநாளும் என்னால நிக்க முடியாது. நீ வந்தா எனக்குத்தான் ஒத்தாசை.”

நான் நம்பினேன். கோடை முழுவதும் ஒரே தறியில் இருவரும் நெய்தோம். கைமாறும்போது எங்கே இழை அறுகிறது என்று சொல்லிவிட்டு, அவள் தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே போவாள். அரைக்கூலியில் அரிசி குறைந்தது, ஆனால் அடுப்பு அணையவில்லை. என் கணவர் ஊன்றுகோலோடு நடக்கப் பழகியதும் அந்த மாதங்களில்தான்.

ஆடியில் மேட்டூருக்குத் தண்ணீர் வந்தது. கட்டுப்பாடு மெல்லத் தளர்ந்து, நின்ற தறியும் ஓடியது. பக்கத்துத் தறிக்காரி காலையிலிருந்து பொழுது சாயும்வரை அதே கண்ணாடி ஓட்டு வெயிலில் நின்று நெய்தாள். ஒரு நாளும் தலை சுற்றவில்லை. சில நாள் கவனித்துவிட்டுக் கேட்டேன்.

“இப்ப மட்டும் சுத்தலையா?”

“சுத்துனா தறி ஓடுமா? போய் உன்ற தாரை மாத்து, நூலு காலியாயிருச்சு பாரு.”

அதற்கு மேல் அவள் அதைப் பற்றிப் பேசவிடவில்லை. நன்றி என்ற சொல்லை அவளிடம் நான் சொன்னதே இல்லை, சொன்னால் அடித்திருப்பாள். அடுத்த தீபாவளிக்கு அவள் பிள்ளைகளுக்கும் என் மகளுக்கும் ஒரே துணியில் சட்டையும் பாவாடையும் தைத்துக் கொண்டுபோனேன். மூன்றையும் வாங்கி வரிசையாகத் திண்ணையில் விரித்து, தையலை இழுத்து இழுத்துப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் எனக்குச் சோறு போட்டு எடுத்து வந்தாள்.