நியாலாஸ் கோயிலுக்குப் பின்னால் ஒரு காந்தமானி

சனிக்கிழமை காலை 7.30. கோலாலம்பூர் தாசிக் செலாத்தான் நிலையத்தில் மலாக்கா பஸ் ஏறினேன். டிக்கெட் பதினைந்து வெள்ளி. மடியில் ஒரு கோப்பு, அதில் எட்டுக் கட்டுரைகள். எங்கள் ஆய்விதழ் விண்வெளி வானிலைக்கென்று ஒரு சிறப்பிதழ் கொண்டுவருகிறது. சூரியன் அவ்வப்போது சீறி மின்துகள்களை வாரி இறைக்கும். அது பூமியின் காந்தப்புலத்தை உலுக்கும், செயற்கைக்கோளையும் வானொலியையும் படாதபாடு படுத்தும். அதைக் கவனிப்பதுதான் இந்தத் துறை. இதழுக்குப் பொறுப்பாசிரியர் நான். திங்கட்கிழமை ஆசிரியர் குழு கூடுகிறது. அதற்குள் முதல் கட்டுரையை வைப்பதா நீக்குவதா என்று சொல்லியாக வேண்டும்.

அது தேன்மொழி என்ற ஆய்வு மாணவியுடைய கட்டுரை. நியாலாஸ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால், காந்தப்புலத்தை அளக்கும் காந்தமானி ஒன்றை வைத்திருக்கிறாள். போன வருடம் ஒரு சூரியப் புயலன்று, காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை, அந்தக் கருவி மட்டும் மிக நுண்ணிய அதிர்வுகளைப் பதிவு செய்திருந்தது. வேறு எந்த நிலையத்திலும் அது இல்லை. உண்மையென்றால் பெரிய விஷயம். ஆனால் கட்டுரையை மதிப்பிட்டவர் ஒரே வரியில் கேட்டிருந்தார்: அருகில் வண்டி ஏதும் போனதா? காந்தமானிக்கு ஒரு சாவிக்கொத்து போதும், பேயாட்டம் ஆடிவிடும். கோயிலின் பழைய அழைப்பிதழை இணையத்தில் தேடிப் பிடித்தேன். அந்தக் காலைதான் அங்கே பால்குடத் திருவிழா.

"கயித்துக்கு உள்ள யாரும் வண்டி கொண்டுவர மாட்டாங்க சார்" என்றாள் தேன்மொழி, போனில் கேட்டபோது. கோயில் பாதைக்குக் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருக்கிறார்களாம். நான் நம்பவில்லை. நம் ஆட்களின் திருவிழாவில் மோட்டார் சைக்கிள் இல்லாமலா? கட்டுரையை எடுத்தால் அவள் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். வைத்து, பிறகு தப்பென்று தெரிந்தால் இதழின் மானம் போகும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நேரில் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

காலை 9.40. மலாக்கா சென்ட்ரல். இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக் டீ, ஐந்து வெள்ளி அறுபது காசு. வெளியே சவரிமுத்து என்ற டாக்சிக்காரர் கிடைத்தார். அறுபது வயதிருக்கும், மெர்லிமாவ்காரர். நியாலாஸ் சுமார் நாற்பது கிலோமீட்டர். போய்வர நூற்றிருபது வெள்ளி பேசினோம்.

"கோயிலுக்கா சார்? இப்ப ஒண்ணும் திருவிழா இல்லியே."

"கோயிலுக்குப் பின்னாலே ஒரு மிஷின் இருக்கு. சூரியன் என்ன பண்ணுதுன்னு பார்க்கிற மிஷின்."

"சூரியன் மேல இருக்கு. செம்பனைக் காட்டுல வச்சு என்னா லா பாக்குறீங்க?"

நியாயமான கேள்விதான். கருவிக்கு இரும்பு ஆகாது, தோட்டத்தில் இரும்பு குறைவு என்று விளக்கினேன்.

"குறைவா? இங்க வீட்டுக்கு மூணு மோட்டார் சைக்கிள் நிக்குது சார்."

அந்த ஒரு வாக்கியத்தில் கட்டுரையை எடுத்துவிடலாம் என்று பாதி முடிவுக்கு வந்துவிட்டேன். ஜாசின் தாண்டியதிலிருந்து இருபுறமும் செம்பனையைத் தவிர வேறொன்றும் இல்லை. தேன்மொழியிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

காலை 11.20. பெரிய சாலையிலிருந்து செம்மண் பாதையில் முந்நூறு மீட்டர் உள்ளே கோயில். பாதை தொடங்கும் வேலி வாசலில் குறுக்கே ஒரு நைலான் கயிறு, அதன் நடுவில் வெளுத்துப்போன மஞ்சள் நூல். சவரிமுத்து காரை நிறுத்தினார்.

"கயிறு கட்டியிருக்காங்க சார்."

வெயில் மண்டையைப் பிளந்தது. நானே இறங்கிக் கயிற்றை அவிழ்த்து, "உள்ளே விடுங்க" என்றேன். கோயிலின் பின்புறம் வரை போய்விட்டோம். ஒரு பெண்மணி ஓட்டமும் நடையுமாக வந்தார். கோயில் செயலாளர் பரமேஸ்வரி. ஜாசினில் ஒரு கிளினிக்கில் வேலை. நான் வருவதாக முதல்நாளே போனில் சொல்லியிருந்தேன்.

"வண்டிய மொதல்ல வெளிய எடுங்க. கயித்த யாரு அவுத்தது?"

சவரிமுத்து என்னைப் பார்த்தார். காரைப் பின்னால் எடுத்துக்கொண்டு போனார். அதே நேரம் என் கைப்பேசி அடித்தது. தேன்மொழி. கருவியின் பதிவு உடனுக்குடன் அவள் கணினிக்குப் போகிறது.

"சார், போய்ச் சேந்துட்டீங்களா? இப்பதான் ஒரு பெரிய மேடு தெரியுது. ஏதோ கார் உள்ள வந்திருக்கு. கருவி வச்சதுல இருந்து இதான் ஃபர்ஸ்ட் டைம்."

"ஆமாம்மா, ஒரு கார் வந்தது" என்றேன். யார் கார் என்று சொல்ல வாய் வரவில்லை.

பரமேஸ்வரி என்னைக் கோயில் நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். திருவிழா அன்று என்ன நடந்தது என்று கேட்டேன்.

"தேனு வந்து இரும்பு ஆகாதுன்னு சொல்லுச்சு சார். கமிட்டியில பேசினோம். போர்டு போட்டா நம்மாளுங்க கேப்பாங்களா? அதான் காப்பு கட்டறப்ப பூசாரிய விட்டுச் சொல்ல வச்சோம். கவிச்சி ஆகாது, குடி ஆகாது, கயித்துக்கு உள்ள வண்டி ஆகாது."

"கேட்டாங்களா?"

"கையில காப்பு கட்டிட்டு யாரு சார் மீறுவா?"

கைப்பேசியை எடுத்துப் படங்களைக் காட்டினார். காலை 10.12: பெரிய சாலை ஓரத்தில் வால் தெரியாத அளவுக்கு மோட்டார் சைக்கிள் வரிசை. 10.40: அரிசி மூட்டையைத் தோளில் சுமந்து நடந்து வரும் ஆட்கள். ஜெனரேட்டரும் சாலையிலேயே நின்றது. பால்குடங்களைக் கூட விடவில்லை. தேன்மொழி முதல்நாளே ஒரு சின்னக் காந்தத்தோடு வந்து ஒவ்வொரு குடமாக ஒட்டிப் பார்த்திருக்கிறாள்.

"தலைவரோட குடமே ஒட்டிக்கிச்சு. மூஞ்சிய தூக்கி வச்சிக்கிட்டாரு. அப்புறம் பித்தளைக் குடம் எடுத்துட்டு வந்தாரு."

"திருவிழா முடிஞ்சு காப்பு அவிழ்த்த பிறகு?"

"எங்க கையில உள்ளத அவுத்தோம். கயித்துல கட்டினத அவுக்கல. மிஷின் இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்னு விட்டுட்டோம்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எழுந்து போய்க் கயிற்றை எடுத்துக் கட்டினேன். என் முடிச்சு சரியில்லை என்று பரமேஸ்வரி அதை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

மதியம் 12.15. தேன்மொழி மீண்டும் அழைத்தாள். இந்த முறை உள்ளே போனது நான் வந்த கார்தான் என்று ஒப்புக்கொண்டேன். "நல்லதுதான் சார்" என்றாள். "கார் வந்தா கோடு எப்படி ஏறும்னு இப்ப தெரிஞ்சிருச்சு. திருவிழா அன்னிக்கு உள்ள அதிர்வு இந்த மாதிரி இல்லவே இல்ல. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு படம் போட்டுரவா?"

"போடும்மா. யாருடைய கார்னும் எழுதிடு" என்றேன். அப்பாடா என்று இருந்தது. ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. கட்டுரை இருக்கும், முதலிலேயே இருக்கும். சவரிமுத்துவிடம் விஷயத்தைச் சொன்னேன். "நான் அப்பவே சொன்னேன்ல சார், கயிறு கட்டியிருக்காங்கன்னு" என்று மட்டும் சொன்னார்.

மதியம் 2.30. திரும்பும் பஸ். எங்கள் பல்கலைக்கழகத்திலும் ஒரு காந்தமானி இருக்கிறது. பக்கத்தில் வண்டி நிறுத்தாதீர்கள் என்று மூன்று மொழியில் பலகை வைத்திருக்கிறோம். தினமும் நாலு கார் நிற்கும், எல்லாம் இயற்பியல் துறைக்காரர்களுடையது. மழை நாளில் என்னுடையதும் நின்றிருக்கிறது.

கோப்பைத் திறந்து தேன்மொழியின் கட்டுரையைக் கடைசிப் பக்கம் வரை படித்தேன். நன்றியுரையில் ஒரு வரி: 'திருவிழா நாளில் காந்தமானிக்காகவும் காப்புக் கட்டிக்கொண்ட தோட்டத்து மக்களுக்கு.' போன வாரம் நான்தான் அதைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் 'ஆய்வுக்குச் சம்பந்தமில்லை' என்று எழுதியிருந்தேன். மதிப்பீட்டாளர் கேட்ட கேள்விக்குப் பதில் அந்த வரியில்தான் இருந்திருக்கிறது. சிவப்பு மை அழியவில்லை. கீழே இருந்த வெற்றிடத்தில் அந்த வரியை முழுசாக, என் கையால், திரும்ப எழுதினேன்.