சுகிர்தா வரைந்த ஊடு

சுகிர்தாவுக்குச் சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், வண்டி பிரேக்குக்குப் போகிற இரும்புத் தகடு அடிக்கும் கம்பெனியில், ட்யூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து வருகிற தகட்டை எல்லாம் திருப்பிப் பார்ப்பது அவள் வேலை. மேசையில் மூன்று டப்பா இருக்கும். நல்லது பச்சை டப்பாவுக்கு. கெட்டது சிவப்புப் பெயின்ட் ஒரு தீற்று வாங்கிக்கொண்டு சிவப்பு டப்பாவுக்கு. எது என்று சொல்ல முடியாதது மஞ்சள் டப்பாவில் கிடக்கும். மறுநாள் அளந்து பார்த்து முடிவு செய்வார்கள். ஏழு வருடத்தில் சுகிர்தாவின் மஞ்சள் டப்பாவில் ஒரு தகடு விழுந்து யாரும் பார்த்ததில்லை. சந்தேகம் வந்தால் சிவப்பு, அவ்வளவுதான். மஞ்சள் டப்பாவில் அவள் சீப்பும் தண்ணீர் பாட்டிலும் வைத்திருந்தாள்.

இரண்டு மணிக்கு ஷிப்டு முடிந்து புதுவாயல் வந்து சேர்ந்தால், சாப்பிட்ட கையோடு லேப்டாப்பைத் திறந்துவிடுவாள். முப்பது வருடத்துக்கு முன்னால் வந்த ஒரு ஜப்பான் வீடியோ கேமின் மேல் பித்துப் பிடித்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அதே மாதிரி புதுசாக ஒன்றைத் தாங்களே செய்து, சும்மா வெளியிட்டு, தாங்களே ஆடி மகிழ்கிற கூட்டம் அது. அப்படி ஒரு குழுவுக்கு சுகிர்தா பின்னணி வரைந்து கொடுத்தாள். பக்கத்துக்குப் பதினாறு புள்ளி வைத்த சின்னச் சின்னச் சதுரங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் தனியாக நிறம் வைக்க வேண்டும். சதுரத்தோடு சதுரம் சேர்த்தால் ஒட்டு தெரியக் கூடாது. காசு கிடையாது. ஆட்டம் முடிந்ததும் ஓடுகிற பட்டியலில் பெயர் வரும். அந்த ஒரு வரிக்காக எட்டு மாதம் உட்கார்ந்து ஒரு முழு ஊரையே வரைந்தாள். வள்ளூரில் சித்தி வீட்டுக்குப் போனபோது பார்த்த அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், அதன் அடிவாரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் வீடு, கூரை பறக்காமல் இருக்க மேலே ஒரு பழைய டயர்.

அந்த ஊர் வெளிவருவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது வேறொரு குழு தன் ஆட்டத்தின் படங்களை வெளியிட்டது. சுகிர்தா பார்த்தாள். புகைபோக்கி இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் வீடு இருந்தது. கூரைமேல் டயரும் இருந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் போட்டிருந்த படக் கோப்புகளை இறக்கித் திறந்தாள். வீட்டுப் படத்தின் கோப்புக்கு 'oodu_2' என்று பெயர்.

அவள் கோப்புக்கும் அதே பெயர்தான். எழுத்துக்கு எழுத்து அதே. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஊர் முழுசாக முடியட்டும் என்று தன் குழுவுக்குக்கூட இன்னும் அனுப்பாத அந்தக் கோப்புகள் அவள் லேப்டாப்பைத் தவிர வேறெங்கும் கிடையாது. லேப்டாப் வீட்டைவிட்டு வெளியே போனது ஒரே ஒரு தடவை. தம்பியின் காலேஜ் அப்ளிகேஷனுக்கு என்று ரம்யா வாங்கிப்போய் நான்கு நாள் வைத்திருந்தாள். ரம்யா அதே கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவள். கம்பெனி பஸ்ஸில் ஏழு வருடமாகப் பக்கத்து சீட்டு. சுகிர்தா பார்க்கும் தகடுகளில் பாதி அவள் அடித்தவை.

இப்போது யோசித்தால் எல்லாமே இடித்தது. லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது கீ இடுக்கில் இருந்த தூசியைக்கூடத் துடைத்துக் கொடுத்தாளே, எதற்கு அவ்வளவு சுத்தம்? மச்சான் எந்நேரமும் கேம்தான் ஆடுகிறான் என்று சலித்துக்கொண்டாளே, அந்த மச்சான் யார்? பஸ்ஸில் போனைக் கவிழ்த்து வைக்கிறாள். போன வாரம் புதுக் கம்மல். ஒரு தடவை கண்ணை இடுக்கிவிட்டால் சுகிர்தாவுக்கு ஊரே ஓட்டையாகத் தெரியும்.

மறுநாள் காலை ஐந்தேகாலுக்கு பஸ்ஸில் ஏறியதும் ரம்யாதான் ஆரம்பித்தாள்.

"இன்னாடி, மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

"நாலு நாளு என் லேப்டாப்ப வெச்சிக்கினு இன்னா பண்ண?"

"தம்பிக்கு அப்ளிகேஷன் போட்டேன். நெட்டு கெடைக்காம பேஜாராப் பூட்ச்சி. அத்த இன்னாத்துக்கு இப்ப கேக்கற?"

"என் ஊட்ட எவனுக்குக் குடுத்த?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பின் சீட்டிலிருந்து தமிழ்செல்வி, "அய்யய்யோ, ஊட்ட எழுதிக் குடுத்துட்டாளா?" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். சுகிர்தா சிரிக்கவில்லை.

"நான் வரஞ்ச ஊடு. எட்டு மாசம் கஷ்டப்பட்டு வரஞ்சது. இன்னொருத்தன் கேம்ல கீது."

ரம்யாவின் முகம் சுருங்கிப்போனது. "என்னைத் திருடின்றியா?"

"நான் சொல்லல. ஃபைலு சொல்லுது."

ரம்யா பையை எடுத்துக்கொண்டு எழுந்து, கடைசி வரிசை ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். சுகிர்தாவுக்கு அதுவும் ஒரு சாட்சியாகத்தான் பட்டது. மடியில் கனமில்லாதவள் ஏன் எழுந்து போக வேண்டும்?

அன்று மாலையே அந்தக் குழுவின் பக்கத்தில் திருட்டுப் புகார் எழுதிப் போட்டாள். பதில் வரப் பதினோரு நாள் ஆனது. அதற்குள் பஸ்ஸில் கதை கை கால் முளைத்து நடந்துவிட்டது. லாக்கர் சாவியை எப்போதும் ரம்யாவிடம் கொடுத்துவிட்டுப் போகிற தமிழ்செல்வி, இப்போது ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். கேன்டீனில் ரம்யா உட்கார்ந்தால் மேசையில் கிடந்த போன்கள் ஒவ்வொன்றாக மடிக்குப் போயின. சுகிர்தா இதையெல்லாம் பார்த்தாள். பார்த்து, சரிதான் என்று நினைத்தாள். அதைச் சொல்லாமல் விட முடியாது.

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. தமிழில் வந்தது.

"அக்கா, எம் பேரு செங்கல்வராயன். ஊரு வள்ளூரு. இந்தப் படம் நான் ரெண்டு வருசம் முன்னாடி வரஞ்சது. பழைய காப்பி எல்லாம் அனுப்பிகிறேன், தேதி பாத்துக்கோங்க. அது எங்க ஊடுதான். பக்கத்து ஊட்டு மாடிலேர்ந்து எடுத்த போட்டோவும் வெச்சிகிறேன். பேரு ஒரே மாதிரி கீதுன்றீங்க. ஊட்ட ஊடுன்னுதான எழுதுவாங்க?"

சுகிர்தா கடைசி வரியை மூன்று தடவை படித்தாள். ஊடு என்பதைத் தன் சொந்தக் கையெழுத்துப் போல நினைத்திருந்தாள். புதுவாயலிலிருந்து வள்ளூர்வரை வாய் திறக்கிறவர்கள் பாதிப் பேருக்கு வீடு என்பது ஊடுதான்.

பிறகுதான் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தாள். அவன் கூரையில் இரண்டு டயர். அவன் வாசல் இடது பக்கம். அவன் புகை கடல் பக்கம் சாய்ந்தது, அவளுடையது நேராக எழும்பியது. ஒரு சதுரம்கூட ஒத்துப்போகவில்லை. தகட்டில் முடி அளவு கீறலைக் கண்டுபிடிக்கிறவள், பன்னிரண்டு நாளாக இந்த இரண்டு படத்தையும் ஒத்துப் பார்க்கவே இல்லை. வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது.

மறுநாள் பஸ்ஸில் ஏறியதும் நேராகக் கடைசி வரிசைக்குப் போனாள். எல்லார் முன்னாலும் சொன்னதை எல்லார் முன்னாலும்தான் திருப்பி எடுக்க வேண்டும் என்று சத்தமாகவே பேசினாள்.

"ரம்யா எதையும் எடுக்கல. வரஞ்சது வள்ளூர்ல ஒருத்தரு, எனக்கு முன்னாடியே வரஞ்சிட்டாரு. தப்பு என்னுது. மன்னிச்சிருடி."

தமிழ்செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் புதுவாயல் கூட்டுரோட்டைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியது. ரம்யா நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை, களைத்திருந்தாள்.

"செவப்பு அடிச்ச பீசு அப்பறமா நல்லதுன்னு தெரிஞ்சா இன்னா பண்ணுவாங்கோ?"

சுகிர்தாவுக்குப் பதில் தெரியும். அந்தப் பெயின்ட் போகாது. தகடு வாங்குகிற வண்டிக் கம்பெனி எடுக்காது. நல்ல தகடாகவே இருந்தாலும் பழைய இரும்போடு போக வேண்டியதுதான்.

"ஏழு வருசமா ஒம் மேசையில மஞ்ச டப்பா கீது," என்றாள் ரம்யா. "என்னை ஒரு நாளு அதுல போட்டு வெச்சிருக்கக் கூடாதா?"

பக்கத்து சீட்டில் ரம்யாவின் சாப்பாட்டுப் பை இருந்தது. ரம்யா அதை எடுத்து இடம் விடவில்லை. சுகிர்தா மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு கும்மிடிப்பூண்டி வரைக்கும் நின்றுகொண்டே போனாள்.