கை ஓங்காதவன்

அண்ணனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது சூசையப்பர் திருவிழா அன்று. சப்பரத்தின் முன்கொம்பை எந்தத் தெருக்காரர்கள் தூக்குவது என்று எங்கள் தெருவுக்கும் மேற்குத் தெருவுக்கும் ஆண்டுதோறும் வாய்ச்சண்டை வரும். அந்த ஆண்டு அது கைச்சண்டையானது. மேற்குத் தெருவில் பூட்டுப் பட்டறை வேலைக்குப் போகிற ஒருவன் கம்பை எடுத்து அண்ணன் தோளில் இறக்கிவிட்டான். போலீசுக்குப் போனால் கோயிலுக்குக் கெட்ட பெயர் என்று சபைப் பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள். ஆக, கணக்கைத் தீர்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நான் அப்போது பேகம்பூர்ப் பக்கம் ஒரு தோல்ஷாப்பில் வேலை பார்த்தேன். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து ஈரத்தோலைத் தூக்கித் தூக்கி என் கைகள் உலக்கை போல ஆகியிருந்தன. அந்தக் கைகளைப் பார்த்தே தெரு முடிவு செய்திருந்தது.

அண்ணன் வீடும் என் வீடும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். நடுவில் ஒரு கதவு. அம்மா அண்ணனோடு இருந்தாள். அவர் வலியில் முனகுவது என் பாய் வரைக்கும் கேட்கும். நான் கேட்க வேண்டும் என்றே சுவரை ஒட்டிப் படுத்திருக்கிறாரோ என்றுகூட நினைத்திருக்கிறேன்.

ஒருநாள் கூப்பிட்டனுப்பினார்.

"ஏலே, இன்னும் என்ன ரோசனை? அவன் தெனமும் நம்ம தெரு வழியாத்தான் சைக்கிள்ல போறான்."

"அடிக்கக் கூடாதுன்னு கோயில் சாமியார் சொல்றாருண்ணே."

"சாமியாருக்குப் பொண்டாட்டியா பிள்ளையா? ராயப்பரே வாளை உருவி, சேசுநாதரைப் பிடிக்க வந்த ஒருத்தன் காதை வெட்டினாரு. அவரு ஆம்பளை."

மூலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. "அந்தக் காதை எடுத்து ஒட்ட வச்சது யாருன்னும் சேத்துச் சொல்லு" என்றாள். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவளே செத்த நேரம் கழித்து, "இருந்தாலும் நாலு பேரு சிரிக்கிறானுகளேப்பா" என்று என்னைப் பார்த்தாள்.

சனிக்கிழமை, பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். அடிக்கவில்லை, ஆனால் அடிக்க ஆசையாக இருக்கிறது என்றேன். சாமியார் வயதானவர், பொறுமையாகக் கேட்பார். அடிபட்டும் திருப்பி அடிக்காமல் நின்ற சேசுநாதரைவிட ஆண்பிள்ளை யார் என்று கேட்டார்.

"சாமி, நீங்க எங்க தெருவுல இல்லீங்களே."

"நிசந்தான்" என்றார் திரைக்கு அந்தப் பக்கமிருந்து. "ஒனக்குத்தான் கஷ்டம். அதுக்காக நான் மாத்திச் சொல்ல முடியாதுப்பா."

அடுத்த வாரம் என் வீட்டு வாசலில் ஒரு காகிதப் பொட்டலம் கிடந்தது. பிரித்தால் கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்பும். வைத்தது எங்கள் தெருக்காரர்களேதான். வளையல் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் உட்கார் என்று அர்த்தம். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. மூலையில் இருந்த விறகுக்கட்டையை எடுத்தேன்.

என் மனைவி பொட்டலத்தை வாங்கி ஒரு வளையலை மாட்டிப் பார்த்தாள். சரியாக இருந்தது. மற்றதையும் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டாள்.

"என்ன பண்ற நீ?"

"நல்ல வளையலு. எதுக்கு வீணாக்கணும்? அந்தக் கட்டைய அடுப்புல வைங்க, ஒல கொதிக்கணும்."

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அதையே போட்டுக்கொண்டு வந்தாள். பெண்கள் பக்கத்திலிருந்து அது குலுங்கும் சத்தம் ஆண்கள் பக்கம் வரை கேட்டது. அவள் தைரியம் எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் பூசை முடிந்து வெளியே வந்து ஆண்களின் முகங்களைக் கடந்தவன் நான்தான். வேலைக்குப் போகும்போது சந்து வழியாகச் சுற்றிப் போகத் தொடங்கினேன். டீக்கடையில் நான் நுழைந்தால் பேச்சு நிற்கும். வேறு ஊருக்குப் போய்விடலாம் என்றால், கையொடிந்த அண்ணனையும் அம்மாவையும் விட்டு ஓடினான் என்ற பேரும் சேரும். இருந்தாலும் தப்பு, போனாலும் தப்பு.

அப்படிச் சுற்றிப் போகும் சந்தில்தான் அண்ணனை அடித்தவன் ஒருநாள் காலையில் எதிரே வந்தான். அவனும் எனக்குப் பயந்து வழி மாற்றியிருக்கிறான். இரண்டு பேர் சேர்ந்து நடக்க இடமில்லாத சந்து. சைக்கிளை நடுவில் போட்டுவிட்டு முகத்துக்கு முன்னால் முழங்கையைத் தூக்கிக்கொண்டான். என் விரல்கள் தாமாகவே மடங்கின. அடித்துவிடத்தான் நினைத்தேன், அதை மறைப்பதற்கில்லை. அவன் முழங்கை நடுங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என்னைத் தடுத்தது வேதமா, சாமியார் பேச்சா, அந்த நடுக்கமா, இன்றுவரை தெரியாது.

"சைக்கிளை எடு. வேலைக்கு நேரமாச்சு" என்றேன்.

அவன் எடுத்தான். சுவரோடு ஒட்டிக்கொண்டு என்னைப் போகவிட்டான்.

சாயங்காலத்துக்குள் சேதி அண்ணனுக்குப் போய்விட்டது. "கையில கெடச்சவன விட்டுட்டான்" என்று சுவருக்கு அந்தப் பக்கம் அவர் சொன்னது கேட்டது. மறுநாள் கொத்தனாரைக் கூட்டிவந்து நடுக்கதவைச் செங்கல் வைத்து அடைத்தார். நான் நின்று பார்த்தேன். அதற்குப் பிறகு அம்மா என்னைப் பார்க்க வேண்டுமென்றால் தெருவைச் சுற்றித்தான் வரவேண்டியிருந்தது.

அண்ணனின் எலும்பு ஒருவழியாகக் கூடியது. ஆனால் அந்தக் கை தோளுக்கு மேலே எழும்பவில்லை.

அடுத்த ஆண்டு ஈஸ்டர் பூசையில் நன்மை அப்பம் வாங்க எழுந்து போனேன். பீடத்துக்கு முன்னிருந்த மரக்கிராதியில் ஓர் ஆள் இடம்தான் காலியாக இருந்தது. முழந்தாளிட்ட பிறகுதான் பார்த்தேன், இடப்பக்கம் அண்ணன், வலப்பக்கம் அவன். எழுந்து போக முடியாது. பின்னால் கோயில் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணன் கண்ணை மூடியிருந்தார். அவனும் மூடியிருந்தான். இரண்டு தோள்களும் என் தோள்களில் இடித்தன. சாமியார் பாத்திரத்தோடு ஒவ்வொருவராக நெருங்கி வந்தார். சமாதானமாக ஒன்றும் உணரவில்லை நான். நாக்கை நீட்டிக்கொண்டு, எப்போது எழுந்து வெளியே போவோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.