தாடிக்காரன் ஜெயித்தால் ஆஸ்பத்திரி

போன மாதம் தாடிக்காரனைக் கைப்பேசியில் மறுபடி பார்த்தேன். எனக்கு எழுத்துக் கூட்டி அடிக்க நேரமாகும். அதனால் போனிடம் வாயாலேயே சொன்னேன்: பழைய ரெஸ்லிங், தாடி, பச்சை ட்ரவுசர், எதிரில் கோட்டு போட்ட ஒல்லி ஆள். முதலில் யாரோ சமையல் செய்தார்கள். பிறகு ஒரு மாடு வந்தது. விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தேன், வந்துவிட்டான். எதையும் விடாமல் கேட்டால் வந்துதான் ஆக வேண்டும், என் வாழ்க்கையே அதற்குச் சாட்சி.

போனில் ஒரு வசதி, மெதுவாக ஓடவிட்டுப் பார்க்கலாம். அப்படிப் பார்த்தால் வேறு சண்டையே தெரிகிறது. குத்துகிறவனின் கை கன்னத்தை நெருங்கும்போது அவன் கால் மேடைப் பலகையை ஓங்கி மிதிக்கிறது. அன்றைக்கு நாம் கன்னத்தில் கேட்ட சத்தம் அந்தப் பலகையின் சத்தம். தலைக்கு மேல் தூக்கிப் போடும்போது, விழப்போகிறவனே லேசாக எம்பிக் கொடுக்கிறான். தூக்குகிறவனின் கை ஒன்று அவன் பிடரிக்குக் கீழே வந்து தாங்குகிறது. இருவரும் கட்டிப் புரளும்போது ஒருவன் வாய் அடுத்தவன் காதருகே அசைகிறது. என்ன சொல்லியிருப்பான்? "அடுத்து உன்னைத் தூக்கப்போகிறேன்" என்றா, "முட்டி வலிக்கிறது, மெதுவாகப் போடு" என்றா? எனக்கு அது தெரிந்தே ஆக வேண்டும் போல இருக்கிறது. நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன். உதடு மட்டும் அசைகிறது.

பொய்ச் சண்டை என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு எந்தத் தொழிலும் புரியாது. பொய்யாகவே இருக்கட்டும், அதை எப்படிக் கட்டியிருக்கிறான் என்று பார்க்க வேண்டாமா?

திருத்தணிக்கு ரெஸ்லிங்கைக் கொண்டுவந்தவனே நான்தான். யாரும் மறுக்க முடியாது. மூன்றாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மலைப்படியில் தேங்காய் விற்றேன், ரேடியோ ரிப்பேர் கடையில் எடுபிடி வேலை செய்தேன், அங்கேயே கண்ணால் பார்த்து வேலை கற்றேன். பட்டணத்தில் கேபிள் வந்த மறு வருஷமே என் வீட்டு மாடியில் டிஷ் நின்றது. பி.காம் படித்தவனெல்லாம் அப்போது வேலைக்கு மனு போட்டுக்கொண்டிருந்தான். நான் மரத்துக்கு மரம், மாடிக்கு மாடி வயர் இழுத்துக்கொண்டிருந்தேன். கடைத்தெருவில் முக்கால்வாசி வீட்டில் என் வயர்தான் ஓடியது.

அதில் ஒரு சேனல் என் சொந்தச் சேனல். என் வீட்டு முன்னறையில் இருந்த வீடியோ டெக்கில் கேசட் போட்டால் ஊரெல்லாம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரெஸ்லிங் போடுவேன். கேசட் பட்டணத்திலிருந்து சனிக்கிழமை சாயங்கால ரயிலில் வரும். வந்ததும் நான் தனியாக உட்கார்ந்து முழுவதும் ஓட்டிப் பார்த்துவிடுவேன். காரணம் இருக்கிறது. ஒருமுறை பார்க்காமல் போட்டு, சண்டைக்கு நடுவில் யாரோ வேறு எதையோ பதிவு பண்ணி வைத்திருந்து, தெருப் பெண்கள் என் வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். அன்றிலிருந்து முதலில் நான், பிறகுதான் ஊர். ஆகவே யார் ஜெயிப்பார்கள் என்பது எனக்குச் சனிக்கிழமையே தெரியும். அமெரிக்காவில் அது பல மாதம் முன்பே முடிந்துபோன சண்டை. அது எனக்குத் தெரிந்தாலும் வாய் திறக்க மாட்டேன். அது தொழில் தர்மம்.

ரெஸ்லிங் பார்ப்பதற்காகவே ஒவ்வொரு ஞாயிறும் பொதட்டூர்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வருவார் என் பாவா. என் அக்காவின் புருஷன். வீட்டில் தறி வைத்து லுங்கி நெய்கிறவர். தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி அவர் குரல் மைக் வைத்த மாதிரி இருக்கும். தாடிக்காரன் என்றால் அவருக்கு உயிர். எங்கள் யாருக்கும் அந்த வீரர்களின் இங்கிலீஷ் பெயர் வாயில் நுழையாது. தாடி வைத்தவன் தாடிக்காரன், கோட்டும் கைத்தடியுமாக வந்து மோசம் பண்ணுகிறவன் கோட்டுக்காரன்.

அந்த வருஷம் பாவாவின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. எலுமிச்சம்பழம் அளவுக்கு வளர்ந்துவிட்டது. சோறு விழுங்கவே சிரமப்பட்டார். அறுத்து எடுக்காவிட்டால் மூச்சுக்குழாயை நெருக்கும் என்று டாக்டர் சொல்லி, ஒரு வியாழக்கிழமை வந்து சேரச் சொல்லியிருந்தார். பாவா அசையவில்லை. அவர் தெருவில் ஒருவருக்கு அதே மாதிரி அறுவை சிகிச்சை செய்த பிறகு குரல் போய்விட்டதாம். அக்கா அழுது பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். பிள்ளைகள் பேசினார்கள். நான் பேசினேன். நான் பேசியும் நடக்காத காரியம் அது ஒன்றுதான்.

அந்த வியாழனுக்கு முந்தைய ஞாயிறு, அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் என் மனைவியோடு உள்ளே போனதும் என்னைக் குழாயடிக்கு இழுத்துப் போனார்.

"மச்சான், ஒரு முடிவு எடுத்துட்டேன். இன்னிக்கி தாடிக்காரன் ஜெயிச்சா ஆஸ்பத்திரிக்கு வரேன். தோத்தான்னா கழுத்துல கத்தி வெக்க உடமாட்டேன். உங்க அக்கா கிட்ட சொல்லாத."

முந்தின நாள் சாயங்காலமே பார்த்துவிட்டேனே. தாடிக்காரன் தோற்கிறான்.

"இன்னா பாவா இது? இதெல்லாம் சாமி முன்னாடி பூக்கட்டி பாக்கற விஷயம்."

"சாமி கிட்ட கேட்டா போன்னுதான் சொல்லும். அதான் கேக்கல."

பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் பக்கம் சாதாரணம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் வைத்து ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். நினைத்த நிறம் வந்தால் காரியத்தில் இறங்கலாம். பொட்டலம் கட்டியவனுக்கு எது எதில் இருக்கிறது என்று தெரியும். அதனால் அவன் வாயைத் திறக்கக் கூடாது, முகத்தைக்கூடக் காட்டக் கூடாது. இந்தத் தடவை பொட்டலம் கட்டியவன் நானாகிவிட்டேன்.

கேசட்டை மாற்றலாம் என்றால், தாடிக்காரன் ஜெயித்த பழைய சண்டை எல்லாமே பாவாவுக்கு மனப்பாடம். கரண்ட் போய்விட்டது என்று சொல்லலாம் என்றால், எதிர்வீட்டில் ஃபேன் ஓடுவது ஜன்னலில் தெரிகிறது. வேறு வழியில்லாமல் கேசட்டைப் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டேன். வியாபாரத்தில் எத்தனையோ பேரிடம் வைத்த முகம்தான். பாதிச் சண்டையில் திரும்பிப் பார்த்தால், பாவா டி.வி.யைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோத்துடுவான், இல்ல?"

நான் டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"உன் காபி ஆறிப்போச்சு. நீ காபிய ஆற உட்டு நான் பாத்ததே இல்ல."

அப்போது திரையில் ரெஃப்ரி அடிபட்டுக் கீழே விழுந்தார். கோட்டுக்காரன் வெளியே போய் ஒரு மடக்கு நாற்காலியை எடுத்துவந்து தாடிக்காரன் முதுகில் இறக்கினான். போனில் இப்போது மெதுவாக ஓட்டிப் பார்க்கும்போது நாற்காலியின் தட்டையான பக்கம்தான் படுகிறது, தாடிக்காரன் முதுகை அதற்கு வாகாகக் காட்டுகிறான். அன்றைக்கு அந்த அடி எங்கள் வீட்டிலேயே விழுந்த மாதிரி இருந்தது. அவனை எழவிடாமல் மேலே படுத்து அமுக்கிக்கொண்டான். ரெஃப்ரி தவழ்ந்து வந்து, கண்ணைத் திறந்தும் திறக்காமலும் மூன்று எண்ணினார். முடிந்தது.

பாவா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "நான் ஆஸ்பத்திரிக்கு வரல" என்று அக்காவிடம் சொன்னார். ஏன் என்று கேட்டாள். அவர் மழுப்ப, அவள் என் பக்கம் திரும்பினாள். அக்கா என்னைச் சின்ன வயதில் தூக்கி வளர்த்தவள், அவளிடம் என் கல்முகம் செல்லாது. சொல்லிவிட்டேன். கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் டி.வி. முன்னால் வந்து உட்கார்ந்து, அந்தக் கடைசிக் கட்டத்தை மறுபடி போடச் சொன்னாள். அன்றுவரை ரெஸ்லிங்கைக் கண்ணெடுத்தும் பார்க்காதவள். நாடாவைப் பின்னால் சுற்றிப் போட்டேன். ஊர் முழுக்க அதே கட்டத்தை இரண்டாம் தடவை பார்த்தது. தெருவில் யாரோ என் பெயரைச் சொல்லித் திட்டியதும் கேட்டது.

"அந்த எண்ணுற ஆளு கீழ கெடக்கறான். இவன் நாற்காலி எடுத்து அடிக்கிறான். அத பாக்காத ஆளு எழுந்து எண்ணினா அது கணக்கா?" என்று கேட்டாள் அக்கா.

"கணக்கு இல்லதான்" என்றார் பாவா. எதிரி மோசம் பண்ணினான் என்று யார் சொன்னாலும் அவர் ஒத்துக்கொள்வார்.

"கொழந்த பொட்டலத்த கீழ போட்டு பூ சிதறிடுச்சின்னா இன்னா பண்ணுவோம்? மறுபடி கட்டித்தான பாப்போம்? நீங்களே சொல்லுங்க."

பாவா யோசித்தார். இந்த மாதிரி முறைகளில் அவர் ரொம்பக் கறார். கடைசியில், மறுபடி கட்டித்தான் பார்க்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். உடனே நான் புகுந்தேன். இருவரும் திரும்ப மோதப்போகிறார்கள் என்று கேசட்டின் முடிவிலேயே காட்டியிருக்கிறான், அந்தக் கேசட்டை வியாழனுக்குள் கொண்டுவருவது என் பொறுப்பு என்றேன். எங்கே கிடைக்கும், எப்போது வரும் என்பதெல்லாம் எனக்கே தெரியாது. வாக்கு முதலில், வழி பிறகு. நான் முன்னுக்கு வந்ததே அப்படித்தான்.

பட்டணத்துக் கேசட் கடைக்குப் போன் போட்டேன். புதன்கிழமை வரும் என்றார்கள். புதன் காலை ரயிலில் ஏறினேன். எனக்கு ஒரு திட்டம் இருந்தது. கடையிலேயே ஓட்டிப் பார்ப்பது. தாடிக்காரன் ஜெயித்திருந்தால் வாங்குவது, தோற்றிருந்தால் கிடைக்கவில்லை என்று சொல்லி வேறு யோசிப்பது. அங்கே போனால் நாலு ஊர் கேபிள்காரர்கள் நிற்கிறார்கள், டெக் எல்லாவற்றிலும் காப்பி ஓடிக்கொண்டிருக்கிறது. இருந்தது ஒரே ஒரு கேசட். யார் ஜெயித்தது என்று கடைக்காரனைக் கேட்டேன். நான் இதெல்லாம் பார்ப்பதில்லைண்ணே என்றான். பின்னாலிருந்து ஒருவன் கை நீட்டினான். அவன் கை என் கையை விட நீளம், ஆனால் நான் முதலில் பிடித்தேன். பார்க்காமலே வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன். வழியெல்லாம் அந்தக் கேசட்டை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் முடிவை வெளியிலிருந்து எப்படித் தெரிந்துகொள்வது என்று பார்த்துக்கொண்டே வந்தேன். ஓட்டை வழியாகக் கறுப்பு நாடாதான் தெரிந்தது.

வீட்டுக்குள் நுழைகிறேன், பாவாவும் அக்காவும் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். நான் முதலில் தனியாகப் பார்க்கலாம் என்ற எண்ணம் போயிற்று. டெக் பக்கம் போனேன். பாவா எழுந்து வந்து என் கையிலிருந்த கேசட்டைப் பிடித்துக்கொண்டார்.

"போட வேணாம்."

"ஏன் பாவா?"

"நீ ரயிலேறி போயி தோத்த கேசட்டயா எடுத்துகினு வருவ? காலையில எத்தன மணிக்கு பஸ்ஸு?"

என் வாய் மூடிக்கொண்டது. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். ஜெயித்தான் என்று சொல்லவில்லை, தெரியாது என்றும் சொல்லவில்லை. பஸ் நேரத்தைச் சொன்னேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அதற்கடுத்த நாள் காலையில் பாவாவை உள்ளே கொண்டுபோனார்கள். நானும் அக்காவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து அவள் மெதுவாகக் கேட்டாள்.

"நெஜத்த சொல்லு. ஜெயிச்சானா?"

"தெரியாதுக்கா. நான் இன்னும் பாக்கல."

அவள் என்னையே பார்த்தாள். அடிக்கப்போகிறாள் என்று தோன்றியது. பிறகு கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அவர் கண்ண முழிச்சதும் உளறிடாத" என்றாள்.

முழித்தார். குரல் சன்னமாக, காற்று மாதிரி வந்தது. சில வாரம் கத்திப் பேசக் கூடாது என்றார் டாக்டர், பிறகு சரியாகிவிடும் என்றார். அக்காவுக்கு அந்தச் சில வாரமும் நிம்மதிதான்.

நான் அந்தக் கேசட்டைத் தொடவே இல்லை. ஊர் கேட்டது, தெரு கேட்டது, இரண்டு ஞாயிறு வேறு எதையோ போட்டுச் சமாளித்தேன். பாவா கழுத்துக் கட்டோடு வந்து உட்கார்ந்த பிறகுதான் போட்டேன். முடிவு தெரியாமல் நாலு பேரோடு உட்கார்ந்து ரெஸ்லிங் பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை. ஊர் ஏன் ஞாயிற்றுக்கிழமை அப்படிக் கத்தியது என்று அன்றுதான் தெரிந்தது. என் கை நாற்காலிக் கைப்பிடியை விடவே இல்லை.

தாடிக்காரன் தோற்றான். நாற்காலி இல்லை, தடி இல்லை, ரெஃப்ரி முழித்துக்கொண்டுதான் இருந்தார். சுத்தமாக மூன்று எண்ணினார்.

பாவாவின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோய்ப் பார்த்தால், சிரிக்கிறார். சத்தம் வராமல், கழுத்துக் கட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழியச் சிரிக்கிறார். மூச்சு வந்ததும் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"நீ இத முன்னாடி பாக்கவே இல்லயா?"

"இல்ல பாவா."

"அப்ப எத நம்பி என்ன கூட்டிகினு போன?"

"நீங்க எத நம்பி வந்தீங்க?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அக்கா உள்ளேயிருந்து வந்து, தையல் பிரிந்துவிடும், இரண்டு பேரும் வாயை மூடுங்கள் என்றாள். மூடினோம். அவர் என்ன சொல்ல வந்தார் என்பதை நான் பிறகு எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தேன். குரல் முழுசாகத் திரும்பி, தறிச் சத்தத்துக்கு மேல் பழையபடி பேசிய காலத்திலும் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் சிரிப்பார், அவ்வளவுதான்.