அரக்கா, காபியா

தி. நகரில் ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கிற மேட்சிங் சென்டரில் ஸ்வர்ணலதாவுக்கு இருபத்திரண்டு வருஷ வேலை. புடவையை மேஜையில் விரித்தால் அதற்குப் பொருந்துகிற ரவிக்கைத் துணியை எடுத்துப் போடுவாள். அலமாரிகளில் நானூறு துணிக்கட்டுகள். ராணி, வெந்தயம், மூக்குப்பொடி, யானை, அரக்கு, பஞ்சுமிட்டாய் என்று ஒவ்வொன்றுக்கும் கடைப்பெயர் உண்டு. பிங்க் வேண்டும் என்று யாராவது கேட்டால், "எந்தப் பிங்க்குமா? நம்மகிட்ட பதினாலு கீது" என்பாள்.

டியூப்லைட்டில் பார்த்துத் துணியை வெட்டக் கூடாது என்பது அந்தக் கடையின் சட்டம். அரக்கு அந்த வெளிச்சத்தில் காபி நிறமாகத் தெரியும், காபி கறுப்பாகத் தெரியும். புடவையையும் துணியையும் வாசலுக்குக் கொண்டு போய் வெயிலில் வைத்துப் பார்த்த பிறகுதான் கத்தரி.

போன ஆடித் தள்ளுபடியின்போது அவள் ராணி நிறத்தை எடுத்துப் போட்டுவிட்டு, பில் போடுகிறவரிடம், "வெந்தயம், ஒரு மீட்டர்" என்று குரல் கொடுத்தாள். கல்லாவில் இருந்த முதலாளி முத்துகிருஷ்ணன் அண்ணாச்சி, "ஏம்மா லதா, கை ஒண்ணு எடுக்கு, வாய் ஒண்ணு சொல்லுது. ரெண்டுக்கும் சண்டையா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாவது முறை நடந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம், சைதாப்பேட்டை வீட்டில் தலை வாரிக்கொண்டிருந்தபோது சீப்பு நழுவி விழுந்தது. வலது கை விரல்கள் தாமாகவே வெட்டி வெட்டி இழுத்தன. வாய் ஒரு பக்கம் கோணியது. ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த புருஷன் கருணாகரன் சாப்பாட்டுப் பையைப் போட்டுவிட்டு ஓடி வந்து அவளைத் தாங்கினான்.

அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் இடது பக்கத்தில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கட்டி. பேச்சுக்குரிய இடத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"நீங்க முழிச்சிருக்கும்போதுதான் எடுக்கணும்" என்றார் டாக்டர் ராகவேந்திரன். "மூளைக்கு வலி தெரியாது. தோலை மட்டும் மரத்துப்போக வெச்சிடுவோம். வெட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொரு இடத்தையும் லேசா கரண்ட் வெச்சுத் தொடுவேன். அப்ப நீங்க பேரு சொல்லிக்கிட்டே இருக்கணும். பேரு தடுக்குற இடத்துல நான் கத்தி வைக்க மாட்டேன்."

"அப்ப அந்த இடத்துல கீற கட்டி?" என்று கேட்டான் கருணாகரன்.

"அங்கேயே இருக்கும்."

பஸ்ஸில் வரும்போது கருணாகரன் ஜன்னலைப் பார்த்தபடியே, "முழுசா எடுத்துடச் சொல்லு. பேச்சு போனா போவுது. நமக்கும் வீட்ல கொஞ்சம் நிம்மதியா இருக்கும்" என்றான்.

"ஆசையப் பாரு" என்று சிரித்தாள் அவள். கிண்டி தாண்டியதும் அவள் சொன்னாள்: "உன்னையே பார்த்துக்கினு உன் பேரு வராம நின்னேன்னு வெச்சுக்கோ. அப்படி இருக்கறது எனக்கு வேணாய்யா." அவனுக்கு வேண்டியதும் அவளுக்கு வேண்டியதும் ஒன்றல்ல என்று இருவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

பேச்சுப் பயிற்சியாளர் அனுப்ரியா படங்களைக் காட்டிப் பெயர் கேட்டுப் பழக்கினாள். வாத்து, சாவி, குடை. சாம்பல் நிறக் குடையைக் காட்டியதும் "யானை" என்றாள் ஸ்வர்ணலதா. அனுப்ரியா பேனாவை நிறுத்தினாள். அவள் முகம் மாறிப்போனது.

"பயப்படாதீங்க மேடம். குடைன்னு தெரியுது. வாய் கலரைச் சொல்லிடுச்சு. எங்க கடையில அந்தக் கலருக்கு யானைன்னு பேரு."

அனுப்ரியா சிரித்துவிட்டாள். மறுநாள் கடையிலிருந்து நாற்பது துண்டுத் துணிகள் கொண்டு வரச் சொன்னாள். ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் ஸ்வர்ணலதா சொன்ன பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். "இதையே வெச்சுக்கலாம்க்கா. 'இது ராணி கலர்', 'இது வெந்தயக் கலர்'னு முழுசா சொல்லுங்க."

ஆபரேஷன் அன்று தலையை அசைக்க முடியாதபடி இறுக்கிப் பிடித்திருந்தார்கள். அரைமயக்கத்தில் மண்டையோட்டைத் துளைக்கிற சத்தம் காதால் கேட்கவில்லை, பல்லால் கேட்டது. பிறகு மயக்கம் தெளியவிட்டார்கள். மேலே நீலத்துணி கூடாரம்போல் தொங்கியது. அதற்குள் அனுப்ரியாவின் முகம், ஒரு சின்ன விளக்கு, துணிகளைப் பிடித்த கை. இவ்வளவுதான் உலகம்.

"இது ராணி கலர். இது வெந்தயக் கலர். இது மூக்குப்பொடிக் கலர்."

தலைக்குப் பின்னால் டாக்டர், "சரி, அடுத்தது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"இது காபிக் கலர்."

அனுப்ரியா தாளைப் பார்த்தாள். "தப்பு சார்."

"நம்பர் போடுங்க" என்றார் டாக்டர். ஒரு சிறிய காகிதத் துண்டை அந்த இடத்தில் வைக்கிறார்கள் என்று ஸ்வர்ணலதாவுக்குப் புரிந்தது. இனி அங்கே கத்தி போகாது. கட்டி அங்கே தங்கிவிடும்.

மறுபடி அந்தத் துணியைப் பார்த்தாள். காபிதான். ஜன்னலோரம் பார்த்தபோது என்ன சொன்னோம்? அரக்கு என்றா? நீலத்துணிக்குள் இந்த விளக்கில் அரக்கு காபியாகத்தானே தெரியும்? இல்லை, மூளைதான் தப்பாகச் சொல்லி, அதற்கு ஒரு சாக்கையும் தேடிக் கொடுக்கிறதா? தன் தலையைத் தானே எதை வைத்துச் சரிபார்ப்பது?

"மேடம், கரண்ட் வெக்காம அதையே கேளுங்க" என்றாள். "இந்த வெளிச்சத்துல கலர் மாறும்."

டாக்டர், "கரண்டை எடுத்துட்டேன். கேளும்மா" என்றார்.

அனுப்ரியா மூன்று முறை காட்டினாள். மூன்று முறையும், "இது காபிக் கலர்."

"வெளிச்சம்தான்" என்றார் டாக்டர். "அந்தத் துண்டை ஒதுக்கி வெச்சிடு. வேற துணி காட்டு." அதே இடத்தில் மூன்று முறை கரண்ட் வைத்தார். மூன்று துணிகளுக்கும் பெயர் வந்தது. காகித நம்பர் எடுக்கப்பட்டது. கத்தி அங்கே போனது. வலியில்லாமல், ஏதோ உறிஞ்சப்படுகிற சத்தம் மட்டும் கேட்டது. தான் வாதாடி வாங்கிய இடம் அது. வாதாடியது சரிதானா என்ற பயத்தோடு அவள் ஒவ்வொரு நிறத்தையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். இருந்தன.

அரைமணி கழித்து அனுப்ரியா இளஞ்சிவப்புத் துணி ஒன்றைக் காட்டினாள்.

"இது…"

தெரிந்த நிறம். எந்த அலமாரி, எத்தனையாவது தட்டு என்று தெரிந்தது. கடைசியாக யாருக்கு வெட்டிக் கொடுத்தாள் என்பதுகூட நினைவிருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. மறந்துபோன சொல் தொண்டை வரை வந்து நிற்கும், இது நிற்கவில்லை.

"இது…"

கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கம் வழிந்தது. எந்த வெளிச்சத்தையும் இப்போது குறை சொல்ல முடியாது.

"எடுத்துட்டேன்" என்றார் டாக்டர்.

"பஞ்சுமிட்டாய்" என்றாள் அவள். "பஞ்சுமிட்டாய். பஞ்சுமிட்டாய்க் கலர்." நிறுத்த முடியாமல் சொல்லிக்கொண்டே போனாள். அனுப்ரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு முறை சோதித்துவிட்டு டாக்டர் கருவியைக் கீழே வைத்தார். "இங்க நிறுத்திக்கறேன்மா. கொஞ்சம் தங்கும்."

வார்டில் கருணாகரன் தலைக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். "எவ்ளோ விட்டுட்டாங்க?"

"கட்டைவிரல் நுனி அளவு" என்றாள். ஒவ்வொரு சொல்லும் மாடி ஏறி வருவதுபோல் மெதுவாக வந்தது. வீக்கம் வடிய வாரங்கள் ஆகும் என்றார்கள்.

அவன் கட்டிலருகே குனிந்து, "கருணாகரன்னு சொல்லு" என்றான்.

"கட்டின நாள்லேர்ந்து உன் பேரைச் சொன்னதில்ல. இப்ப இன்னாத்துக்கு?"

"சும்மா சொல்லேன்."

அவள் சொன்னாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கதிர்வீச்சு ஆறு வாரம் நடந்தது. தை பிறந்ததும் கடைக்குப் போனாள். இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன். விட்டு வைத்தது வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க. இரண்டு முறை, "இருந்த அளவே இருக்கு" என்றார்கள். இது மூன்றாவது.

அடையாறு ஆஸ்பத்திரியின் நீளமான வராந்தாவில் காலை பதினோரு மணிக்கு அவள் முறை வந்தது. வளையலைக் கழற்றிக் கருணாகரனிடம் கொடுத்தாள். கதவருகே நின்றவர் தாளைப் பார்த்து, "பேரு சொல்லுங்க" என்றார்.

கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒரு நொடி இருந்தது. எல்லோருக்கும் இருக்கிற நொடிதானா, அல்லது போன முறையைவிடக் கொஞ்சம் நீளமா என்று அவளுக்குத் தெரியவில்லை. பின்னால் நின்ற கருணாகரன் மூச்சை நிறுத்தியிருந்தது மட்டும் தெரிந்தது.

"ஸ்வர்ணலதா" என்றாள். உள்ளே போனாள்.