எங்கள் பக்கத்துக் கூச்சல்

அந்த வருடம் உதைபந்தாட்ட லீக்கில் எங்கள் ஊர் அணி முதன்முதலாகத் தோற்காமல் வந்துகொண்டிருந்தது. இரண்டாம் பிரிவுதான். அறுவடை முடிந்த ஞாயிறுகளில் பதினொரு பேரைச் சேர்ப்பதே பெரும்பாடு. நான்தான் அணித்தலைவன். பின்வரிசையைத் தாங்கி நின்றவன் குளத்துக்கு அந்தப் பக்கக் குடியிருப்பைச் சேர்ந்தவன். அவன் குடும்பம் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியது. எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. அணிக்குள் யாரும் இதைக் கதைத்ததில்லை. கதைக்காததால் அப்படியொன்று இல்லையென்றே நினைத்திருந்தேன்.

கடைசி ஆட்டம் செட்டிகுளம் பக்கத்து அணியோடு. அவர்கள் ஏற்கெனவே முதற்பிரிவுக்கு ஏறிவிட்டார்கள். சமநிலையில் முடிந்தால் நாங்களும் ஏறுவோம். இடைவேளைக்குப் பிறகு அவர்களின் முன்வரிசைக்காரன் எங்கள் கோல் காப்பாளரோடு தற்செயலாக மோதி விழுந்தான். அவனும் மலையகக் குடும்பத்துப் பெடியன். கோட்டுக்கு வெளியே கதிரையில் இருந்த என் பெரியப்பா எழும்பினார்.

“டேய் தோட்டக்காட்டான், கொழுந்து பிடுங்கப் போடா.”

அவர் எங்கள் கழகத் தலைவர். பந்து, ஜேர்சி, மத்தியானச் சோறு எல்லாம் அவர் தயவு. பின்னால் நின்ற ஊர்க்காரர் சிரித்தார்கள். பிறகு அவர்களும் அதையே கத்தத் தொடங்கினார்கள்.

எங்கள் பின்வரிசைக்காரன் ஜேர்சியைக் கழற்றி, மடித்து, என்னிடம் கொண்டுவந்து தந்தான்.

“நான் போறேன் அண்ணே.”

எங்களோடு எங்களைப் போலவே கதைப்பவன், அன்று தன் வீட்டுப் பேச்சில் சொன்னான். வெறும் மேலோடு சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

நான் பெரியப்பாவிடம் ஓடினேன். “நிப்பாட்டுங்கோ பெரியப்பா. எங்கட பெடியன் விட்டிட்டுப் போறான்.”

அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. “நான் அவனைச் சொல்லேல்லையே. மற்றவனைத்தானே சொன்னனான். அவன் எங்கட ஆள்.”

பத்துப் பேரோடு ஆடி, கோல் விழாமல் காத்து, முதற்பிரிவுக்கு ஏறினோம். என்னைத் தோளில் தூக்கினார்கள். எதிரணிக்காரர்கள் நின்று பார்த்தார்கள். இறக்கிவிடச் சொல்லிக் கெஞ்சினேன். கூச்சப்படுகிறேன் என்று நினைத்து இன்னும் உயர்த்தினார்கள்.

பின்னேரம் அவன் வீட்டுக்குப் போனேன். அவனுடைய அம்மா முற்றத்துக்கு வந்தா.

“வாங்க தம்பி, உக்காருங்க. வந்ததிலேருந்து ஒண்ணும் சொல்லாம படுத்திருக்கான். தோத்துட்டீங்களா?”

“இல்லை அம்மா. ஏறிட்டம்.”

அவாவின் முகம் மலர்ந்தது. தேத்தண்ணி போட உள்ளே போனா. அவன் வாசலுக்கு வந்து தாழ்ந்த குரலில் சொன்னான்.

“அம்மாகிட்ட சொல்லிடாதீங்க.”

மன்னிப்புக் கேட்க வந்தவன், அந்தத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, “நல்லா இருக்குதம்மா” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வருடம் அவன் செட்டிகுளம் பக்கத்து அணிக்குப் போய்விட்டான். எங்களுக்கு முதல் ஆட்டமே அவர்களோடு வந்தது. தொடங்குமுன் வரிசையாகக் கை கொடுத்தோம். பெரியப்பாவும் நின்றார்.

“என்ன தம்பி, எங்களை மறந்திட்டியோ?”

“இல்லைங்க ஐயா.”

பெரியப்பா சிரித்து அவன் தோளில் தட்டினார். அடுத்தது நான். என் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்தபடி அவனிடம் கையை நீட்டினேன்.